நாற்பத்தோராவது கவர்

அண்ணன் மயக்க மருந்து டாக்டரின் காலரைக் கொத்தாகப் பிடித்து, இழுத்து, சுவரோடு சேர்த்து அறைந்தான். சுவரில் மாட்டியிருந்த 'அமைதி காக்கவும்' என்ற பலகை ஆணியோடு பெயர்ந்து கீழே விழுந்தது. டாக்டர் ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடி ஒற்றைக் காதில் தொங்க, "ஒரு நிமிஷம், நான் சொல்றத ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார். அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். கண்ணாடி தரையில் வழுக்கிக்கொண்டு போய் யாரோ ஒருவரின் செருப்புக்கு அடியில் நொறுங்கியது.

"உள்ள போகும்போது என் தம்பி நடந்துதானே போனான்? கையிலதான்யா அடி! கை ஒடஞ்சவன் எப்படி சாவான்? சொல்லு, எப்படி சாவான்?"

நியாயமான கேள்விதான். வார்டுகளிலிருந்து எட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கும் அதே கேள்விதான் இருந்தது. அதனால் யாரும் தடுக்கவில்லை. அண்ணனோடு பள்ளிக்கூட வேன் ஓட்டும் இரண்டு டிரைவர்கள் சேதி கேட்டு ஓடி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஆபரேஷன் தியேட்டர் கதவின் கண்ணாடியை உதைத்துச் சில்லு சில்லாக்கினான். இன்னொருவன் காவலாளியைச் சட்டையோடு சேர்த்துத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

உடைந்த கதவுக்குப் பக்கத்தில் பச்சை உடுப்போடு அவள் நின்றாள், அண்ணனுக்குத் தங்கை, செத்தவனுக்கு அக்கா. கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அதில் இருந்தது தம்பியின் ரத்தம். இந்த மருத்துவமனையில் எட்டு வருஷமாக அவள்தான் மயக்க மருந்துப் பிரிவின் டெக்னீஷியன். தம்பி சாகும்போது அவன் தலைமாட்டில், டாக்டரின் வலது கைக்குப் பக்கத்தில் நின்றவள். அண்ணன் கேட்ட கேள்விக்கு அவளுக்கு விடை தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவன் அந்த அடி அடித்தான்.

காலை ஏழரை மணிக்கு ஆரம்பித்தது ஒரு பைக்கில்.

தம்பி வழக்கம்போலத் தன் பைக்கை வாசல் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான். உள்ளே அண்ணனின் வேன். பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள நேரமாகிவிட்டது.

"டேய், வண்டிய எடுடா."

"பல்லு வெளக்கிட்டு வர்றேன்."

"இப்ப எடு."

"நீ என்ன பெரிய கலெக்டரா? ரெண்டு நிமிஷம் நின்னா வேன் கரைஞ்சிடுமா?"

தம்பி ஏசி மெக்கானிக். கையைவிட வாய்தான் வேலை செய்யும் என்று அம்மா சொல்வாள். அண்ணனுக்கு வாய் கிடையாது, கை மட்டும்தான். அவன் பைக்கை ஒரே உதையில் தள்ளினான். தம்பி பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வந்து வேன் சாவியை உருவி, பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு விட்டெறிந்தான். விட்டெறிந்துவிட்டுச் சிரிக்கவும் செய்தான். அண்ணன் வேனுக்குப் பின்னால் போய் ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் அடியைத் தம்பி கையை உயர்த்தி வாங்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் சமையலறையில் இருந்த அவளுக்கே கேட்டது. அவள் ஓடி வருவதற்குள் அண்ணன் ராடை இரண்டு கைகளாலும் குறுக்காகப் பிடித்து, தம்பியின் கழுத்தில் வைத்து, கேட்டுத் தூணோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். தம்பியின் கால் பெருவிரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. முகம் கறுத்துவிட்டது. அவள் அண்ணனின் முடியைப் பிடித்து இழுத்தாள். அம்மா அவன் முதுகில் குத்தினாள். அரை நிமிஷமாவது ஆகியிருக்கும் அவனைப் பிரிக்க.

விட்டதும் தம்பி குப்புற விழுந்து இருமினான். எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அண்ணன் ராடைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஐயோ, என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதான். பிறகு பக்கத்து மாடியில் ஏறிச் சாவியைத் தேடி எடுத்து வந்து, தம்பியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வேனில் படுக்க வைத்ததும் அவன்தான்.

அந்த வீட்டின் மாடிப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு படிகள், சாதாரணச் சிமெண்ட் படிகள். ஆனால் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அம்மாவின் இரண்டு பற்கள் போனது அந்த மாடிப்படியால். மகளான அவளுடைய காறை எலும்பு உடைந்தது அந்த மாடிப்படியால். அண்ணனின் காது மந்தமானதும் அதே மாடிப்படியால்தான். கேட்கிற டாக்டர்களிடமும் டீச்சர்களிடமும் அம்மா அப்படித்தான் சொல்லி வந்தாள். வீட்டுக்குள் விழும் அடி கேட்டைத் தாண்டிப் போகாது என்பது அவர்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அப்பா போன பிறகும் மாடிப்படிக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

வேன் கிளம்பியது. தம்பிதான் கரகரத்த குரலில் சொன்னான். "மாடிப்படி. சரியா? எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க."

"பேசாம படு" என்றாள் அவள்.

"அக்கா, தொண்டையில என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்காத. கழுத்துல எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பான். இவன உள்ள தூக்கி வச்சிட்டா ஸ்கூல் புள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போறது?"

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணாடியில் பார்த்தான். அழுது வீங்கிய கண்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குச் சம்மதம் என்று பொருள்.

கையில் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும், வயிறு காலியாக இருப்பதால் மதியத்துக்குள் செய்துவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். அவள்தான் தம்பிக்கு ஆஸ்பத்திரிக் கவுனை மாட்டிவிட்டாள். கழுத்தில் குறுக்காக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். பெரிதாக ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கவுனின் நாடாவை மேலே இழுத்துக் கட்டினாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்தை நிமிர்த்தச் சொன்னார். தம்பி வலியைக் காட்டாமல் நிமிர்த்தினான். வேலையில் அலட்சியமான மனிதர் இல்லை அவர். கேட்க வேண்டியதைச் சரியாகவே கேட்டார்.

"குரல் ஏன்பா இப்படிக் கம்மியிருக்கு?"

தம்பி அவளைப் பார்த்தான். அவள் சொன்னாள், "நாலு நாளா சளி டாக்டர்."

"காய்ச்சல்?"

"இல்ல டாக்டர்."

"சரி. உங்க தம்பி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். தொண்டை அடைப்பு என்று தம்பி சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள அவளிடம் ஒரு வழி இருந்தது. அதுதான் அவளைக் கெடுத்தது.

மூன்று மாதமாக அந்தப் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தியதும் அவரால் தானாக மூச்சு விட முடியாது. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டும். அதற்கு நாக்கைத் தூக்கி உள்ளே வெளிச்சம் காட்டும் கருவிதான் ஸ்கோப். அதன் கைப்பிடியில் மாட்டும் பிளேடில் இரண்டு வகை. வளைந்தது, தொண்டைக்குள் மூச்சுக்குழாயை மூடும் மடலுக்கு முன்னால் உட்கார்ந்து நயமாகத் தூக்கும். நேரானது, அந்த மடலையே அப்படியே நெம்பித் தூக்கும். இரண்டில் எது சுலபம், எது எத்தனை விநாடியில் வேலையை முடிக்கிறது, எதில் பல்லும் உதடும் அடிபடுகிறது என்று எண்பது நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்ப்பது டாக்டரின் திட்டம். யாருக்கு எது என்பதை ஒட்டிய கவருக்குள் இருக்கும் சீட்டுதான் முடிவு செய்யும். அவள் கவரைப் பிரித்து, சீட்டில் உள்ள பிளேடை மாட்டி, விளக்கு எரிகிறதா என்று தட்டிப் பார்த்து, டாக்டரின் கையில் கொடுப்பாள். பிறகு நோட்டில் கட்டம் கட்டமாக எழுதுவாள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதையா ஆயிப்போச்சும்மா என் நெலம" என்பார் டாக்டர். "ரெண்டுல எது நல்லதுன்னு வாயத் தொறந்து சொல்லவும் முடியல."

அவள் மனதுக்குள் எப்போதோ சொல்லிவிட்டாள். நாற்பது பேருக்கு எழுதியதில் அவள் நேர் பிளேடின் கட்சிக்காரி ஆகியிருந்தாள். குட்டைக் கழுத்தும் பருத்த நாக்குமாக வந்தவர்களிடம் வளைந்தது தடுமாறியபோது, நேரானது உள்ளே போனதும் "தெரியுது" என்று டாக்டர் சொன்னதை நாலு முறை கேட்டிருந்தாள். தம்பி நாற்பத்தோராவது ஆள். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "ரெண்டுல எது காஸ்ட்லியோ அதப் போடுங்க டாக்டர்" என்று அந்தக் குரலிலேயே கிண்டல் செய்தான்.

அவள் தனியாகக் கவரைப் பிரித்தாள். 'வளைந்தது' என்றிருந்தது. அதை மடித்து உடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டைப் பிரித்தாள். 'நேர்.' மாட்டினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தொண்டையில் வீக்கம் இருந்தாலும் இது வழியைக் காட்டிவிடும், யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அண்ணனும் தப்பிப்பான், தம்பியும் பிழைப்பான் என்று நினைத்தாள். எட்டு வருஷ அனுபவம் உள்ளவள் நினைக்கக்கூடிய நினைப்பா இது? நினைத்தாள்.

தம்பி தூங்கும்போது அவள் கையைப் பிடித்திருந்தான். தசைகளைத் தளர்த்தும் மருந்து போனதும் அந்தப் பிடி விட்டுப்போனது. டாக்டர் வாயைத் திறந்து நேர் பிளேடை உள்ளே விட்டார். தூக்கினார். இன்னும் தூக்கினார்.

"என்ன இது?" என்றார். "ஒண்ணுமே தெரியல. முழுக்க வீங்கிக் கெடக்கு."

மறுபடி தூக்கினார். முன்பல் ஒன்று நொறுங்கியது. ரத்தம் ஊறி விளக்கை மறைத்தது. உறிஞ்சும் குழாயை வைத்தாள். பிளேடை வெளியே எடுத்துவிட்டு முகமூடியை அழுத்தி, அதோடு இணைந்த காற்றுப் பையைப் பிழிந்தார். பை கல்லாக நின்றது, காற்று இறங்கவில்லை. உடம்பில் ஆக்ஸிஜன் குறையக் குறைய மானிட்டரின் 'பீப்' சத்தம் சுருதி இறங்கிக்கொண்டே போகும். அது இறங்க ஆரம்பித்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். "வளைஞ்சது குடு!" என்று டாக்டர் கத்தினார். கொடுத்தாள். வளைந்ததிலும் ரத்தமும் கருஞ்சிவப்புச் சதையும்தான் தெரிந்தன. டியூபுக்கு வழிகாட்டும் கம்பியை விட்டுத் துழாவினார், வழி இல்லை. பிறகு கத்தியைக் கேட்டார். கழுத்தின் முன்பக்கம் நெடுக்காக அறுத்து விரலை உள்ளே விட்டவர், அப்படியே நின்று அவளைப் பார்த்தார். "உள்ள குரல்வளையெல்லாம் நொறுங்கியிருக்கும்மா" என்றார். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. நெஞ்சின் மேல் ஏறி அழுத்தினார்கள். விலா முறியும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு எலும்பு டாக்டர்தான் போதும் என்று அவர் தோளைப் பிடித்தார்.

நோட்டில் நாற்பத்தோராவது வரிசையில் பெயர் மட்டும் இருந்தது. அவள் அதை மூடி வைத்தாள்.

"வீட்டுக்காரங்ககிட்ட நானே சொல்றேன்" என்று டாக்டர் வெளியே போனார். அப்படிப் போனவரைத்தான் அண்ணன் இப்போது அறைந்துகொண்டிருந்தான்.

உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிய, டாக்டர் விடாமல் பேசினார். "தொண்டை உள்ள நசுங்கியிருந்துச்சு. கேளுங்க. மாடிப்படியில விழுந்தா அப்படி ஆகாது. யாரோ கழுத்த நெரிச்ச..."

அண்ணன் அவரை முடிக்க விடவில்லை. முழங்கையை மடக்கி, முன்கையை அவர் கழுத்தில் குறுக்காகக் கொடுத்து, சுவரோடு சேர்த்து அழுத்தினான். டாக்டரின் கால்கள் மேலே எழும்பின. முகம் கறுக்கத் தொடங்கியது. அண்ணனின் கண்களில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. காலையில் பார்த்த அதே காட்சியை ஒரே நாளில் இரண்டாம் முறையாக அவள் பார்த்தாள்.

பக்கத்தில் சலைன் ஸ்டாண்டு இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்து, இரும்புப் பாதத்தால் அண்ணனின் முழங்கையில் முழுப் பலத்தோடு அடித்தாள். அவன் அலறிக்கொண்டு கையை எடுத்தான். டாக்டர் மூட்டையாகச் சரிந்தார். அண்ணன் மறு கையை ஓங்கிக்கொண்டு திரும்பினான்.

"அடிடா" என்றாள். அண்ணனை அவள் 'டா' போட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. "அடி. காலையில ராடு வச்சு அவன் கழுத்த அழுத்தினியே, அப்படியே என்னையும் அழுத்து. இந்த மனுஷன் என்ன பண்ணாரு? அவன் கழுத்த நொறுக்கினது நீ. அத மறைச்சு, சளின்னு சொல்லி, படுக்க வச்சுக் குடுத்தது நான்!"

அம்மா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "வாய மூடுடி. மாடிப்படியிலதான் விழுந்தான். எம்புள்ள மாடிப்படியிலதான் விழுந்தான்." அவள் தலையை உதறித் திமிறினாள். அம்மா விடவில்லை. நகம் கன்னத்தில் இறங்கியது. அவள் அம்மாவின் கையைக் கடித்தாள். நாக்கில் உப்புக் கரிக்கும் வரைக்கும் கடித்தாள். அம்மா கத்திக்கொண்டு விலகினாள்.

காவலாளியை அழுத்திப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். கதவுக் கண்ணாடியை உதைத்தவன் அண்ணனைப் பார்த்தான். "என்னண்ணே, தங்கச்சி என்ன சொல்லுது?"

அண்ணன் அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "பைக்க எடுன்னுதான் சொன்னேன்" என்றான். "வேற ஒண்ணும் சொல்லல. பைக்க எடுன்னுதான் சொன்னேன்."

போலீஸ் வந்தது. அதிகாரி முதலில் அம்மாவைக் கேட்டார். அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, "மாடிப்படியில விழுந்தான் சார்" என்றாள். அடுத்து அவளைக் கேட்டார். அவள் ஏழரை மணியிலிருந்து ஆரம்பித்து, சளி வரைக்கும், கவர் வரைக்கும் சொன்னாள். அவர் எழுதி முடித்து நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அண்ணனை அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை.

"ஒண்ணு போச்சு" என்றாள் அம்மா. "இருந்த இன்னொண்ணையும் நீ அனுப்பிட்ட. இப்ப நிம்மதியா?"

நிம்மதி இல்லை. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

டாக்டரின் உதட்டில் நர்ஸ் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போய் எதிரே நின்றாள்.

"எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டார். குரல் தம்பியின் குரல்போலவே கம்மியிருந்தது.

"காலையிலேருந்து டாக்டர்."

"சொல்லியிருந்தா தூங்கவே வச்சிருக்க மாட்டேன். முழிச்சிருக்கும்போதே கழுத்துல கீழ மரத்துப்போற ஊசி போட்டு, ஓட்டை போட்டு, மூச்சுக்கு வழி பண்ணியிருப்பேன். பொழச்சிருப்பான்மா."

"சீட்டுல வளைஞ்சதுன்னுதான் இருந்துச்சு. நேர் பிளேடுதான் நல்லா தெரியும்னு நான்தான் கவர மாத்தி..."

"பிளேடா?" என்றார் டாக்டர். நர்ஸ் நூலை இழுத்து முடிச்சுப் போடும் வரை கண்ணை மூடியிருந்தார். "என் தியேட்டருக்குள்ள இனிமே வராதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிரேதப் பரிசோதனை பெரிய மருத்துவமனையில்தான். மாலை நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பின்னால் ஏறினாள். உட்காரப் பலகை இருந்தது. அதில் உட்காராமல் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

சாலையில் நூறடிக்கு ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் தம்பியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் இரண்டு கைகளையும் தாடைக்கு அடியில் கொடுத்து அதை நேராகப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவின் பின்னந்தலை தெரிந்தது. கண்ணாடியைத் தட்டி, மெதுவாகப் போகச் சொல்லலாம். கை எடுக்க முடியவில்லை. வண்டி அடுத்த தடையில் ஏறியது.